கையெழுத்துக்கு வந்தவள்

சனிக்கிழமை, மணி மூன்றே கால். சுவர்க் கடிகாரத்தின் ஒற்றை அடி ஓய்ந்ததும், வாசலையொட்டிப் போட்டிருந்த பிரம்பு நாற்காலி முனகியது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

யூனிஸ் பின்னல் ஊசியை எதிரே இருந்த மேசையில் வைத்தாள். வெளிக்கதவின் இரும்புத் தாழ் விழுந்த சத்தம் இல்லை. முற்றத்துச் சரளைக் கல்லில் காலடி இல்லை. வீட்டோடு இருந்து உதவும் செங்கம்மா சந்தைக்குப் போய் அரைமணி ஆகிறது. அவளாக இருந்தால் படியேறும்போதே பேரைச் சொல்லியிருப்பாள்.

"யாரு?" என்று கேட்டால் முடிந்தது. யூனிஸ் கேட்கவில்லை.

"வாங்க, வாங்க" என்றாள், நாற்காலி இருக்கும் திசையில் சிரித்து. "இந்த வெயில்ல வந்திருக்கீங்களே. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பிரம்பு மட்டும் மெல்ல நெரிந்தது, உட்கார்ந்தவர் சற்று முன்னால் குனிந்தது போல.

இரண்டு வருடமாக இதுதான் அவள் வழக்கம். அவள் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. எதைப் பார்க்கிறாளோ அது மட்டும் இருக்காது. ஒருவர் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் கரைத்து ஊற்றியது போல ஒரு வட்டம். சுற்றிலும் காது, தோள், புடவைக் கரை. ஓரம் மட்டும் மிச்சம். யார் வந்தாலும் தெரிந்தவரிடம் பேசுவது போலத் தொடங்குவாள். "பெரியவன் எப்படி இருக்கான்?" என்பாள். எல்லார் வீட்டிலும் ஒரு பெரியவன் இருப்பான். பதில் சொல்லும் குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடுவாள்.

ஒரே ஒரு முறை தவறியது. போன வருடம் பரிசளிப்பு விழாவில் ஒரு தகப்பனிடம், "உங்க சம்சாரம் வரலியா?" என்று கேட்டாள். அந்தச் சம்சாரம் யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. வேடிக்கைக்குக் கேட்டதாக அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து, குளியலறையில் வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டே அழுதாள், சத்தம் வெளியே போகாமலிருக்க.

சித்தூர் மிஷன் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை அவள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. பார்வை போனது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் இந்த மிஷன் வீடு போகும். அப்புறம் சூளூர்பேட்டையில் தம்பி தியோடர் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய், தம்பி மனைவி தட்டில் போட்டதைத் தடவித் தடவிச் சாப்பிடும் காலம்.

நாற்காலி ஓய்ந்தது. வந்தவர் எழுந்து மேசைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு காகிதம் யூனிஸின் விரல்களுக்குக் கீழே நழுவி வந்து நின்றது.

அவள் மூச்சு விட்டாள். கையெழுத்துக்கு வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் தேதி மாநில எல்லை மாறுகிறது. திருத்தணி மெட்ராஸோடு போகிறது, சத்தியவேடு ஆந்திராவோடு வருகிறது. அந்தப் பக்கம் போகிறவர்களும் இந்தப் பக்கம் தங்குகிறவர்களும் ஒரு மாதமாக அவள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 'இவரை நான் நேரில் அறிவேன், இவர் நன்னடத்தை உள்ளவர்' என்று ஒரு தலைமையாசிரியை ஒப்பமிட்டால் ஆபீசில் மறுபேச்சு இருக்காது. வாசகத்தை அவர்களே எழுதிக் கொண்டுவருவார்கள். "எங்க, படிங்க, சரியா எழுதியிருக்கான்னு கேக்கறேன்" என்பாள். படிப்பார்கள். போடுவாள்.

"படிங்க" என்றாள் இப்போதும்.

படிக்கவில்லை. பக்கத்தில் நின்றது பெண்தான். வெளுத்த புடவையின் விளிம்பு ஓரக்கண்ணில் விழுந்தது. கொதிக்க வைத்து உலர்த்திய கட்டுத்துணியின் மணம் வந்தது. எழுத்து தெரியாதவளோ என்னவோ. கடிகாரத்தின் நாக்கு அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு முறை கேட்டால் சந்தேகம் வரும். யூனிஸ் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கி, வரிவரியாகப் படிப்பது போலத் தலையை அசைத்தாள். ஒரு பக்கம் முடியும் அளவுக்கு நேரம் கொடுத்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

காகிதம் விரலடியிலிருந்து உருவப்பட்டது. படியிறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கடிகாரம் மூன்றரை அடித்தது. சத்தம் வரவில்லை.

செங்கம்மா வந்தது தை மாதத்தில். பலமனேர் தாண்டி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், பேரை மாற்றிச் சொல்லித்தான் யூனிஸ் கண்ணைக் காட்டினாள். மருந்தில்லை என்றார் டாக்டர். வீட்டில் உதவிக்கு விவரமான ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியின் கண் வார்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த செங்கம்மா, யூனிஸ் சொல்லிவைத்தபடி, ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

முதல் நாளே வாசற்படிகளின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். உப்பு டப்பாவுக்கு ஒரு முடிச்சு, சர்க்கரைக்கு இரண்டு என்று நூல் கட்டினாள். வெள்ளைச் சோறு தெரிவதற்குக் கருநீலத் தட்டு வாங்கி வந்தாள். பின்கதவிலிருந்து கொல்லைக் குளியலறை வரைக்கும் இடுப்புயரத்தில் ஒரு கயிறு கட்டினாள்.

"கொடிக்கயிறு மாதிரி கட்டிட்டேன். ரெண்டு துணியைப் போட்டு வெச்சா எவனுக்குத் தெரியப் போவுது? புடிச்சுக்கினே போங்க."

"நடந்து பழகின வீடு செங்கம்மா. இதெல்லாம் எதுக்கு?"

"அப்ப முழங்கால்ல இன்னா காயம்? வூடு கடிச்சுதா?"

யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு முகமும் சுட்டது. குரலை இறுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த வீட்ல கண்ணுன்ற பேச்சையே எடுக்கக் கூடாது. என்கிட்டயும் சரி, வேற யார்கிட்டயும் சரி. வரவங்க போறவங்களைப் பத்தி எதுவும் கேக்கவும் கூடாது."

"எனக்கு இன்னாத்துக்கும்மா ஊர் வம்பு? சோறாக்கறேன், தொணையா இருக்கேன். அம்புட்டுதான்."

சொன்னபடியே இருந்தாள். அறைக்குள் வரும்போது, "செங்கம்மா வரேன்" என்பாள். போகும்போது, "செங்கம்மா போறேன்" என்பாள். அது யூனிஸுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, அவள் சந்தையிலிருந்து திரும்பியதும், வாசலில் யாரையாவது பார்த்தாயா என்று கேட்க யூனிஸ் வாயெடுத்தாள். கேட்டால், வந்தது யார் என்று தனக்கே தெரியவில்லை என்றாகும். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டாள். செங்கம்மா காப்பி கலந்து எடுத்துவந்து மேசையில் வைத்தாள். இரண்டு டம்ளர் வைக்கும் சத்தம். ஒன்று செங்கம்மாவுக்காக இருக்கும்.

திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். புதன்கிழமை வந்தாள். பிறகு எந்தக் கிழமை வந்தாள், எந்தக் கிழமை போனாள் என்று சொல்ல முடியாமல் போயிற்று. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, சுண்ணாம்புக் கோட்டைக் காலால் எண்ணி ஏறி, வெயிலில் வெந்த ஓட்டின் வெக்கையும் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றாக முகத்தில் படும் அந்த நிழலுக்குள் நுழையும்போதே, கட்டுத்துணி மணம் முன்னால் வந்து நிற்கும். நாற்காலி ஒரு முறை நெரியும். காகிதம் விரலுக்கு வரும். யூனிஸ் பேசுவாள். மழை இல்லாததைப் பற்றி, புத்தலப்பட்டுப் பக்கம் கரும்பு காய்வதைப் பற்றி, எல்லை மாறினால் பஸ் எங்கே நிற்கும் என்பதைப் பற்றி. தெரிந்தவளிடம் பேசுவது போலப் பேசுவாள். பேச்சை நிறுத்தினால் அந்த மூச்சு கேட்கும். ஈரமான மூச்சு. தன் மூச்சோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும்.

முதல் நாளே கேட்டிருக்கலாம். இரண்டாம் நாள் கேட்டிருந்தாலும் மன்னிப்பு உண்டு. பதினைந்து நாள் சௌக்கியம் விசாரித்துவிட்டு, "நீங்க யாரு?" என்று எப்படிக் கேட்பது?

அடுத்த வாரச் சனிக்கிழமை மாலை பள்ளிக் குமாஸ்தா தனராஜ் வந்தான். படியிலேயே, "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றான். உள்ளே வந்து, கொஞ்சம் தணிந்த குரலில், இன்னொரு முறை, "ஸ்தோத்திரம்மா" என்றான்.

யூனிஸ் இரண்டுக்கும் பதில் சொன்னாள்.

"உக்காரு. என்ன அவசரம்?"

"ஒரு சமாச்சாரம் டீச்சர். எவனோ ஒரு புண்ணியவான் பிட்டிஷன் போட்டுட்டான். உங்களுக்குப் பார்வை சரியில்லன்னு. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரா வீட்டுக்கே வராராம்."

"எதுக்கு வீட்டுக்கு?"

"ஸ்கூல்ல புள்ளைங்க எதிர்ல வேணாம்னு பாக்கறாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்தான். ஒரு சர்க்குலரை எடுத்துக் குடுப்பாரு, படிக்கச் சொல்லுவாரு. தெலுங்குதான். உங்களுக்கு இன்னா, தண்ணி பட்ட பாடு."

"ஆமாமா" என்றாள் யூனிஸ்.

தனராஜ் நாற்காலியை இழுத்து எழுந்தான். "நான் வரேன் டீச்சர்" என்றான். பிறகு, யாரையோ சுற்றிக்கொண்டு போவது போல, அவன் காலடி வளைந்து வாசலுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து யூனிஸ் சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். படிக்க முடியாது. மனப்பாடம் செய்ய அந்தச் சர்க்குலரில் என்ன இருக்கும் என்று தெரியாது. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது எனலாம். காய்ச்சல் எனலாம். எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான்.

செங்கம்மா தட்டின் பக்கத்தில் மோர் டம்ளரை வைத்தாள். போகாமல் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நாளைக்கு ஆபீசர் வரப்ப, பெரியம்மாவை எங்க வெக்கறது?"

"எந்தப் பெரியம்மா?"

"அதாம்மா. உங்க அக்கா."

யூனிஸின் விரல்கள் சோற்றில் நின்றன.

"நீங்க எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நானும் கேக்கல. மூஞ்சி, ஒசரம் எல்லாம் அப்டியே உங்களை உரிச்சு வெச்சா மாதிரி. அக்காதான்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஆபீசர் புது ஆளு. இப்டி எதிர்ல குந்தியிருந்தா பயந்துக்குவாரு."

"ஏன் பயந்துக்கணும்?"

செங்கம்மா தயங்கினாள்.

"கண்ணுன்ற பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்களே. அவங்களுக்காகத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சேன். உங்களுக்காச்சும் கொஞ்சம் கம்மி. அவங்களுக்குக் கண்ணுக்குன்னு எடமே இல்லியேம்மா. வழவழன்னு இருக்குது. வார்டுல எத்தினியோ பாத்துட்டேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மாதிரி பாத்ததில்ல."

வெளியே காக்கை ஒன்று ஓட்டில் நடந்தது. நகச் சத்தம். யூனிஸ் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க சாப்பிடறாங்களா?"

"துன்னமாட்டாங்க. காப்பி வெச்சா ஆறிப்போய் அப்டியே கெடக்குது. நீங்க துன்றப்ப உங்க தட்டுப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி வெச்சுக்கினு இருப்பாங்க."

"எங்க தூங்கறாங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? உங்க கட்டில்லதானே. சொவரோரம்."

யூனிஸ் கையைத் தட்டிலிருந்து எடுத்தாள். மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கற காயிதமெல்லாம் மடியிலதான் வெச்சுக்கினு இருக்காங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா வெறுங் காயிதம் தெரியும் இல்ல? ஒரு எழுத்து இல்லம்மா அதுல. கீழ உங்க கையெழுத்து மட்டும்."

சொல்லிவிடலாம். எனக்கு அக்கா கிடையாது என்று. அது யார் என்று எனக்குத் தெரியாது என்று. செங்கம்மா அலறுவாள். தெரு திரளும். பாதிரியார் வருவார், தனராஜ் வருவான். டீச்சர் மூணு வாரமா யார்கிட்ட பேசினீங்க? பாக்கலியா? பாக்காமதான் கையெழுத்துப் போட்டீங்களா? பரிசளிப்புப் பந்தலின் சிரிப்பு காதில் ஏறியது. பயம் பெரிதாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஆமா" என்றாள் யூனிஸ். "அக்காதான். நாளைக்கு ஒரு நாள் உள்ரூம்ல வெச்சுப் பூட்டிடு."

அன்று ராத்திரி அவள் கட்டிலுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே விடிய வைத்தாள். காலையில் செங்கம்மாவின் குரல் கேட்டது. "வாங்கம்மா, கொஞ்ச நேரந்தான், வாங்க." இரண்டு ஜோடிக் காலடிகள். கதவு. பூட்டு. சாவியைக் கொண்டுவந்து யூனிஸின் உள்ளங்கையில் வைத்தாள். யூனிஸ் விரல்களை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்கு இரும்புத் தாழ் விழுந்தது. சரளைக் கல்லில் பூட்ஸ்.

"நமஸ்காரமண்டி, டீச்சரம்மா."

"வாங்க சார், உக்காருங்க" என்றாள் யூனிஸ்.

அவர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். நல்ல கனமான குரல். "தப்பா நினைக்க வேணாம். பிட்டிஷன்னு வந்துட்டா நான் பாத்துதான் ஆகணும். ரெண்டு நிமிஷம். இதைப் படிச்சுக் காட்டிடுங்க, எழுதிட்டுப் போயிடறேன்."

காகிதம் பிரியும் ஓசை. யூனிஸ் கையை நீட்டினாள்.

கைக்கு எதுவும் வரவில்லை.

காகிதம் சலசலத்தது. அவள் கைக்கு எட்டாத இடத்தில். இடப்பக்கம். பிரம்பு நெரிந்தது. கட்டுத்துணி மணம்.

சாவி உள்ளங்கையில்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தாள். இருந்தது.

படிக்கத் தொடங்கிய குரல் அவளுடையது. முதல் வரியில் அது தன் வாயிலிருந்து வருவதாகவே நினைத்தாள். வாயைத் தொட்டாள். உதடுகள் மூடியிருந்தன. குரல் திக்காமல் போயிற்று. தெலுங்கு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, முப்பது வருடம் வகுப்பில் நின்று படித்த குரல்.

"பாகுந்தி, சாலா பாகுந்தி. ரொம்ப நல்லாப் படிச்சீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "எவனுக்கோ பொறாமை. விடுங்க."

பேனா கீறியது. செங்கம்மா வந்தாள். பேர் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் வைத்தாள். அவருக்கு ஒன்று. இடப்பக்கம் ஒன்று.

யாரோ குடித்தார்கள். இடப்பக்கம். மடக் மடக்கென்று.

நான்தான் யூனிஸ். சொல்ல வேண்டும். இப்போதே. நாக்கு எழுந்தது. நான்தான் யூனிஸ் என்றால், சரி, படி என்பார்.

நாக்கு படிந்தது.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது. ஓரத்தில் விட வேண்டும். விட்டாள். வெளுத்த புடவை. மடியில் கைகள். தன் கைகள். கழுத்து. தன் தாடை, தன் மூக்கு. செங்கம்மா சொன்ன வழவழப்பு அங்கே இல்லை. இரண்டு கண்கள் இருந்தன. தெளிந்த கண்கள். புதியவை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது ஓரமும் போகத் தொடங்கியது. முதலில் ஜன்னல். பிறகு மேசை. பிறகு தன் புடவைக் கரை. கண்ணைத் தேய்க்கக் கையைத் தூக்கினாள். விரல் போன இடத்தில் இமை இல்லை. குழி இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரே தோல்.

இருட்டில் இன்ஸ்பெக்டரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, அவள் பக்கம் அல்ல, இடப்பக்கம் திரும்பிக் கேட்டார்:

"பாவமண்டி, டீச்சரம்மா. கையில சாவியைப் புடிச்சுக்கினு உக்காந்திருக்காங்களே, இந்தம்மா யாரு?"